இரவல் கொலுசும் அரசாங்கப் பாலும்

இல்லாதவளாக இருந்தால் மட்டும் போதாது, இல்லாதவள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியவும் வேண்டும். அரசாங்கத்திடம் எதையாவது வாங்கப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். நான் அதைப் படிக்காமலே போனேன். இருபத்து மூன்று வயது, மூன்று பிள்ளைகள், மலாக்கா டவுனில் காஜா பேராங் பக்கம் ஒரு பலகை வீட்டின் பின்னறையில் வாடகைக் குடித்தனம். இந்த லட்சணத்தில், இலவசப் பால் வாங்கப் போகும்போதுகூட யாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டக்கூடாது என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு நான் ஒன்றும் விலை கொடுக்கவில்லை. என் சின்ன மகள் கொடுத்தாள்.

மலாயா சுதந்திரத்துக்குக் காத்திருந்த சமயம் அது. என் வீட்டுக்காரர் ரப்பர் தோட்டத்துப் பால்மரங்களை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து சாலை போடும் கூலி வேலையில் சேர்ந்திருந்தார். கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். அவர் முதலில் பட்டணம் சேர்ந்தார், கெட்டது பிறகு. புக்கிட் பாரு பக்கம் வேலை இருந்தால் சம்பளம் வரும், மழை பெய்தால் அவர் மட்டும் வருவார். அப்போதுதான் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தது. பிறந்த ஒரு மாதத்தில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து, தாய்ப்பால் வற்றிப்போனது. கடையில் விற்கும் கட்டிப்பாலைக் கரைத்துக் கொடுத்தேன். பிள்ளைக்கு வயிற்றால் போனது. இரண்டரை மாதத்தில் அவள் பிறந்தபோது இருந்ததைவிடச் சிறியதாகத் தெரிந்தாள்.

பக்கத்துச் சாலையில் ஒரு பலகைக் கட்டடத்தில் புதன்கிழமைதோறும் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் கிளினிக் நடக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அட்டையில் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. மாதம் ஒரு முறை பிள்ளையை நிறுத்து, அந்த எடையை அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார்கள். புள்ளி சிவப்புக்குக் கீழே இருந்தால் பால்மாவு டின் கிடைக்கும். மேலே போய்விட்டால் கிடையாது. பிள்ளை தேறினால் பால் நிற்கும், பால் நிற்காமல் இருக்கவேண்டுமானால் பிள்ளை தேறக்கூடாது. நிறையப் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்ட சட்டம், நாம் குறை சொல்லக்கூடாது.

முதல் நாள் போனபோது மேசையில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸி உட்கார்ந்திருந்தார். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தராசுப் பக்கத்தில் நம்ம ஆள், ஒரு தமிழ் ஆயா. பிள்ளையை நிறுத்து எடையைக் கூவுவதும், மிஸ்ஸி சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வதும் அவர் வேலை. மிஸ்ஸி கால் மணி நேரம் பேசினால் ஆயாக்கா இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நாலு கரண்டி மாவு, தலை தட்டி. ஒரு போத்தல் தண்ணி, கொதிக்க வச்சு ஆறினது. கொறைக்கக் கூடாதாம்."

வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் சம்சாரம் நின்றிருந்தாள். அவள் பால் வாங்க வரவில்லை, பிள்ளைக்கு ஊசி போட வந்தவள். அவள் பிள்ளை உருண்டு திரண்டு, கையில் காலில் இடுப்பில் வெள்ளி மின்ன இருந்தது. நான் என் மகளின் சட்டையைக் கழற்றித் தராசில் போட்டேன். இடுப்பில் ஒரு கறுப்புக் கயிறு, அவ்வளவுதான்.

"ஏம்மா, பொம்பளப் புள்ள, இப்படியா மூளியா வச்சிருக்கிறது? ஒரு கொலுசாச்சும் போடக் கூடாதா? பாவம்" என்றாள்.

திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவள் பரிதாபப்பட்டுவிட்டாள். வரிசையே திரும்பி என் பிள்ளையின் இடுப்பைப் பார்த்தது. இரண்டு டின் பால்மாவை வாங்கிக்கொண்டு வீடு வரும்வரை எனக்குக் காது சுட்டது. பால் கிடைத்ததே என்ற சந்தோஷம் ஒரு பொட்டும் இல்லை.

எங்களுக்கு அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா முன்கட்டில் இருந்தார். மலாக்கா செட்டிகளில் ஒருவர். சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். சாமி கும்பிடுவதில் என்னைவிட ஒரு படி மேல், ஆனால் சாமியோடு பேசுவது மலாயில்தான். நடுவில் அப்பம், பொங்கல் என்று இரண்டொரு தமிழ் வார்த்தை விழும். எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் என் கண் கலங்கிவிட்டது. அந்தம்மா "கெசியான்" என்று பிள்ளையின் கன்னத்தைத் தடவினார். அவரும் பாவம் என்றுதான் சொன்னார், ஆனால் அவர் சொன்னால் எனக்கு உறுத்தாது. உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அவருடைய பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது போட்ட வெள்ளியெல்லாம் அதில் இருந்தது. அடுத்த மாதம் போகும்போது போட்டுக்கொண்டு போ என்று ஒரு ஜோடி கொலுசைக் கொடுத்தார்.

அந்தக் காலத்துக் கொலுசு, கையில் வாங்கினால் கை தாழும். என் மகளின் காலில் நிற்காமல் நழுவியது. கொலுசின் உட்புறத்தில் நூலைச் சுற்றித் தடிமனாக்கி மாட்டினேன்.

இரண்டாவது மாதம் அந்தக் கொலுசோடு போனேன். கிளினிக்கில் துணியைக் கழற்று என்பார்கள், கழற்றுவேன். கொலுசு துணியா? எழவு வீட்டில்தான் நகையைக் கழற்றுவார்கள், நாலு பேர் பார்க்க எடை போடுகிற இடத்தில் யாராவது கழற்றுவார்களா? ஆயாக்காவும் நம்ம சனம். அவருக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. "இப்பத்தான் பாக்க அம்சமா இருக்கா" என்று சொல்லிக்கொண்டே முள்ளைப் பார்த்து எண்ணைக் கூவினார். மேசையில் இருந்த மிஸ்ஸி தலை நிமிராமல் புள்ளி வைத்தார். கோடு கொஞ்சம் ஏறியிருந்தது.

எடை கூட்டிக் காட்டத்தான் கொலுசு போட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கூடினால் எனக்குத்தானே நட்டம். வெள்ளிக்கு எடை உண்டு என்பது அடகுக்கடையில் எனக்கு நன்றாக ஞாபகம் வரும். கிளினிக்கில் வரவே இல்லை. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

கோடு ஏறியதைச் சொன்னதும் வீட்டுக்காரம்மாவுக்குக் குஷி வந்துவிட்டது. கொலுசு வந்த ராசி என்றார். மூன்றாவது மாதம் கைக்குக் காப்பும் கொடுத்தார். கோடு இன்னும் ஏறியது. அட்டையைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். என் வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் அதன் முன்னால் போய் நிற்பார்.

"மூணுலயும் இதுதான் தேறும் போலருக்கு. பாரு, எப்படி ஏறியிருக்குன்னு."

"படிச்சவங்க போட்ட கோடு. பொய் சொல்லுமா?" என்பேன் நான்.

அந்தக் கோடு ஏற ஏற, டின்னில் எனக்குக் கை தாராளமாகிவிட்டது. மூத்தவளுக்கு நாலு வயது, அடுத்தவனுக்கு இரண்டு. தங்கைக்குப் பால் கரைக்கும்போதெல்லாம் இரண்டும் வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போத்தலையே பார்க்கும். எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்? ஆளுக்கு ஒரு கரண்டி வெந்நீரில் போட்டுக் கொடுத்தேன். பிறகு வீட்டுக்காரருக்குக் காலையில் கோப்பிக்குப் பால் இல்லாமல் போனது. வெயிலில் தார் காய்ச்சுகிற மனுஷன் வரக்கோப்பி குடித்துவிட்டா போவார்? அதற்கும் ஒரு கரண்டி. கிளேபாங்கிலிருந்து அவருடைய தங்கை வந்தால் அவளுக்கும். அரசாங்கம் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பாலை வைத்து நான் ஒரு குடும்பத்தையே போஷாக்காக வைத்திருந்தேன். சின்னவளின் போத்தலில் நாலு கரண்டி மூன்றாகி, அப்புறம் இரண்டானது. போத்தல் நிறைய வேண்டுமே, தண்ணீரைக் கூட்டினேன். கோடுதான் ஏறுகிறதே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று சமாதானம்.

அவள் அழுதுகொண்டே இருந்தாள். போத்தலை உறிஞ்சி முடித்த மறுநிமிஷம் தொடங்குவாள்.

"ஏன் புள்ளே இது இப்படிக் கத்துது?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

"பல்லு மொளைக்குது" என்பேன்.

மூன்றரை மாதத்தில் நான் அறிவித்த பல் பத்தாவது மாதம்தான் முளைத்தது. பல் இல்லாத நாட்களில் உடம்புச் சூடு என்று சொன்னேன். சூடு இல்லாத நாட்களில் கண்ணேறு. உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் வெடித்ததே ஒழிய அழுகை நிற்கவில்லை.

இதற்கிடையில் சுதந்திரமும் வந்தது. கடைத்தெருவில் தோரணம் கட்டினார்கள், பையன்கள் கொடி பிடித்துக்கொண்டு ஓடினார்கள், வீட்டுக்காரர் தன் வேலையிடத்தில் கிடைத்த இனிப்பைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்தார். அடுத்து வந்த புதன்கிழமை எனக்குக் கிளினிக். வீட்டுக்காரம்மா அதிகாலையிலேயே கதவைத் தட்டினார். கையில் வெள்ளி அரைஞாண். நாலு சரம், நடுவில் அரசிலைத் தகடு. நாடு பெரியதாகியிருக்கிறது, பிள்ளை சும்மா போகலாமா என்பது அவர் நியாயம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கொலுசு, காப்பு, அரைஞாண் எல்லாவற்றையும் நூல் சுற்றி மாட்டிவிட்டு, இடுப்பில் இருந்த கறுப்புக் கயிற்றை அறுத்தெறிந்தேன். கொலுசுக்கு முதல் தடவையைவிட இரண்டு சுற்று அதிகமாகத் தேவைப்பட்டது. நூல் நைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் வெள்ளைக்கார மிஸ்ஸி இல்லை. ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாராம். அந்த நாற்காலியில் இளம் வயது மலாய் மிஸ்ஸி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மேசையும் தராசும் அதேதான். ஆயாக்கா எண்ணைக் கூவினார். மிஸ்ஸி புள்ளி வைத்து, கோட்டை இழுத்து, அட்டையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி வேகவேகமாக மலாயில் என்னவோ சொன்னாள், என் ஓட்டை மலாய்க்கு அது எட்டவில்லை.

"சிவப்பைத் தாண்டிருச்சாம். புள்ள வளக்கிறதுல கெட்டிக்காரியாம் நீ" என்றார் ஆயாக்கா.

பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்வானேன், எனக்கு உச்சி குளிர்ந்தது. பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். மிஸ்ஸி அட்டையில் ஒரு முத்திரை குத்தி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"டின்னு?" என்றேன்.

"இனிமே இல்ல. அதான் தேறிருச்சே. அடுத்த ஆளு வரட்டும், நவுந்துக்க" என்றார் ஆயாக்கா.

வீட்டில் டின் காலியாகி இரண்டு நாள். அரிசிக் கஞ்சித் தண்ணீரைத்தான் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். பால் இல்லை என்றால் இந்தப் பிள்ளைக்கு வேறு ஒன்றும் இல்லை. இடுப்பில் நாலு சரம் வெள்ளியோடு என் தோளில் கிடந்து அவள் அழ ஆரம்பித்தாள். அதுவும் பலமாக இல்லை, பூனைக்குட்டி முனகுகிற மாதிரி. படி இறங்கிவிட்டால் கெட்டிக்காரி என்ற பேரோடு போகலாம். படி வரைக்கும் போனேன். கடைசிப் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"ஆயாக்கா, புள்ள தேறல. பாலு வேணும்னு சொல்லுங்க."

"அட்டையில போட்டிருக்கு, தாண்டிருச்சுன்னு."

"அட்டையப் பாக்காதீங்க. புள்ளயப் பாருங்க."

ஆயாக்கா பிள்ளையைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "புள்ளைக்கு இம்புட்டு வெள்ளி போட்டுட்டு இலவசப் பாலுக்கு நிக்கிறியே, நியாயமா?"

நான் ஆசைப்பட்டது அதற்குத்தானே. இல்லாதவள் என்று யாரும் சொல்லக்கூடாது என்றுதானே மூன்று மாதமாகப் பாடுபட்டேன். பலித்துவிட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி, அவள் என் கூடப்பிறந்தவளாகத்தான் இருக்கவேண்டும்.

"இது ஒண்ணும் என்னுது இல்லக்கா. எல்லாம் வீட்டுக்காரம்மாவுது. எங்கிட்ட ஒரு குந்துமணி வெள்ளி கெடையாது" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் என் பேச்சைக் கேட்கவில்லை, பெஞ்சு முழுக்கக் கேட்டது.

மிஸ்ஸிக்கு என்ன விளங்கியதோ, எழுந்து வந்தாள். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கித் தராசுப் பக்கத்து மேசையில் படுக்க வைத்தாள். கொலுசைக் கழற்றினாள். உள்ளே சுற்றியிருந்த நூலைப் பார்த்தாள், விரலில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கணுக்காலில் கொலுசு பதிந்த தடம் சிவந்து கிடந்தது. காப்பைக் கழற்றினாள். அரைஞாணில் கை வைத்தபோது நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது, உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்றேன். ஆயாக்கா சொல்லித்தான் அவளுக்கு விளங்கியிருக்கும். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. காயத்துக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து, பிள்ளையின் இடுப்பில் அவளே கட்டிவிட்டு, அரைஞாணை உருவினாள்.

பிள்ளையை நிறுத்தார்கள். ஆயாக்கா இந்தத் தடவை எண்ணைக் கூவவில்லை, மிஸ்ஸியின் காதில் சொன்னார். மிஸ்ஸி பிள்ளையை எடுத்துக்கொண்டு, வெள்ளியையெல்லாம் அள்ளித் தராசில் போட்டாள். முள் ஒரு பவுண்டைத் தாண்டி நின்றது. அவள் என் அட்டையை எடுத்து, முதல் மாதப் புள்ளிக்கு நேராகப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். நாலாவது மாதத்தின் புள்ளி, முதல் மாதத்தின் உயரத்தில். ஒரு நூல்கூட மேலே இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். அந்த அட்டையைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோட்டில் வளர்ந்ததெல்லாம் வெள்ளி. பிள்ளை வளரவே இல்லை.

மிஸ்ஸி ஒரு கேள்வி கேட்டாள். ஆயாக்கா அதை முழுசாக, மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"ஒரு போத்தலுக்கு எத்தன கரண்டி போடுற?"

"நாலு" என்றேன்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தாள். புதிய டின்னைத் திறந்து, கரண்டியைத் தலை தட்டி, என் கண்ணெதிரே நாலு கரண்டி போட்டு, வெந்நீர் ஊற்றிக் குலுக்கினாள். என் வீட்டுப் போத்தலில் பால் கரைத்தால் அதற்குப் பின்னால் இருக்கிற சுவர்ப்பலகை தெரியும். இந்தப் போத்தலுக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு வெள்ளை. அதை என் கையில் கொடுத்து, பெஞ்சில் உட்காரச் சொன்னாள்.

என் மகள் மூச்சு விடாமல் குடித்தாள். நெற்றியில் வியர்வை பூத்தது. பாதி போத்தலில் நிறுத்தி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் குடித்தாள். முடிந்ததும் வாய் தானாகவே போத்தலை விட்டது. நான் வழக்கம்போல அழுகைக்குக் காத்திருந்தேன். அவள் அழவில்லை. என் மடியிலேயே தூங்கிப்போனாள். சுற்றிலும் பத்துப் பிள்ளைகள் ஊசிக்குக் கத்திக்கொண்டிருந்தன, இவள் அசையவில்லை. பல்லும் இல்லை, சூடும் இல்லை, கண்ணேறும் இல்லை.

புது அட்டை போட்டுக் கொடுத்தார்கள், அடியிலிருந்து. டின்னும் கொடுத்தார்கள், வழக்கத்தைவிட ஒன்று கூடவே. வெள்ளியை என் சேலைத் தலைப்பில் முடிந்துவிட்ட ஆயாக்கா, "நாலு கரண்டி. ஞாபகம் வச்சுக்கம்மா" என்றார்.

என் ஞாபகத்துக்கு என்ன குறை? இரண்டு கரண்டி போட்ட ஒவ்வொரு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் பசித்துத்தான் அழுதாள் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அட்டையில் கோடு ஏறிக்கொண்டிருந்தது, அதனால் பிள்ளைதான் பொய்யாக அழுகிறது என்று வைத்துக்கொண்டேன்.